தொண்டுக்கு யார் எவ்வளவு நேரம் தருகிறார்கள்? தொழில் நிலைப்படி கணக்கெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். எந்தப் பிரிவுக்குள் போனாலும் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை என்று பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. வேலைக்கு வரும் முகங்கள் மட்டும் எல்லாவற்றிலும் அதே பத்துப் பேர். மற்றவர்கள் ஏன் வருவதில்லை, வருகிறவர்கள் எந்த வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைக் கணக்கோடு தெரிந்துகொள்ள விரும்பும் செயலாளர், பொருளாளர்களுக்கான பதில்கள் இவை.

வரவுக் கொப்பி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. வரவுக் கொப்பியில் கையொப்பம் இட்டவர் கூட்டத்துக்கு வந்தார் என்பது மட்டுமே தெரியும். முதல்நாள் பின்னேரம் கதிரை அடுக்கியவர், அறிவித்தல் அச்சடிக்கச் சந்திக்குப் போய்வந்தவர், இரவு 11 மணிக்குக் கணக்கு எழுதிய பொருளாளர் ஆகியோரின் நேரம் அதில் ஏறாது. கடைசி வரிசையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பிப் போனவருக்கும் மூன்று மணித்தியாலம் நின்று வேலை செய்தவருக்கும் அதில் ஒரே ஒரு வரிதான்.

யார், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் தந்தார் என்று தனிக் கொப்பியில் எழுதும் நேரக் கணக்கு இரண்டு இடங்களில் உதவும். ஒன்று, எந்த நாள், எந்த நேரம் யாரைக் கூப்பிடலாம் என்று முடிவெடுக்க. மற்றது, உதவித்திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் ‘சமூகப் பங்களிப்பு’ என்ற பெட்டியை மனக்கணக்கில் நிரப்பாமல் அந்தக் கொப்பியைப் பார்த்து நிரப்ப.

எதைத் தொண்டு என்று எண்ணுவது?

சர்வதேச தொழில் தாபனத்தின் புள்ளிவிபர வல்லுநர்கள் 2013இல் ஏற்றுக்கொண்ட வரையறையைப் பின்பற்றுவது நல்லது. வேலை செய்யும் வயதில் இருப்பவர் ஊதியம் இல்லாமல், கட்டாயம் இல்லாமல், பிறருக்காக வேலை செய்ய வேண்டும். நான்கு வாரத்தில் அல்லது ஒரு மாதத்தில் 1 மணித்தியாலமாவது செய்திருந்தால் அவர் தொண்டர்.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இதே வேலையைக் காசு கொடுத்து இன்னொருவரைக் கொண்டு செய்விக்கலாமா? வாய்க்கால் துப்புரவு செய்விக்கலாம், கணக்கு எழுதுவிக்கலாம். ஆகவே அவை வேலை. உங்களுக்குப் பதிலாகக் கும்பிட ஒருவரைக் கூலிக்குப் பிடிக்க முடியாது. அது தொண்டு வேலைக் கணக்கில் சேராது.

பயணச் செலவைத் திருப்பிக் கொடுத்தாலும் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகிவிடாது. கொடுப்பனவு உள்ளூர் நாட்கூலியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வேலையைத் தொண்டாக எண்ணாதீர்கள்.

செத்த வீட்டு வேலை, கலியாண வீட்டு வேலை?

யாழ்ப்பாணத்தில் அதிகம் தடுமாற வைக்கும் கேள்வி இதுதான். மேலே சொன்ன வரையறைப்படி, வேறு வீட்டில் வசிக்கும் உறவினருக்குச் செய்தது தொண்டு அல்ல, குடும்ப வேலை. ஆனால் ஊர் முழுவதும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருக்கும் இடத்தில் இந்த விதியை அப்படியே போட்டால், இரண்டு நாள் பந்தலடியில் நின்ற இளைஞனின் கணக்கு பூச்சியமாகிவிடும்.

கொப்பியில் ‘யாருக்காக’ என்று ஒரு நிரல் வைத்து மூன்று குறியீடு போடுங்கள். 1: பெற்றோர், சகோதரம், பிள்ளைகள், அவர்களின் துணைவர்கள். 2: மற்றச் சொந்தம். 3: சொந்தம் அல்லாதவர், அமைப்பு, ஊர். மாவட்டத்துக்கு வெளியே உள்ள எண்களோடு ஒப்பிடும்போது 3ஐ மட்டும் எடுங்கள். உங்கள் ஊர்த் தேவைக்கு 2ஐயும் 3ஐயும் கூட்டுங்கள். ஒருமுறை கூட்டி ஒருமுறை விட்டால் அடுத்த வருடக் கணக்கோடு பொருந்தாது. எப்படிக் கூட்டினீர்கள் என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இன்னொரு பிரிப்பும் வேண்டும். பந்தல் போடுதல், கதிரை இறக்குதல், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தல், மரணச் சான்றிதழுக்கு ஓடுதல் எல்லாம் வேலை. துக்கம் விசாரித்து அரை மணி இருந்துவிட்டு வருவது சமூக நிகழ்வில் பங்குபற்றுதல். இரண்டையும் சேர்த்து ‘செத்த வீடு, 4 மணி’ என்று எழுதினால் பிறகு பிரிக்க வழியே இல்லை.

கோயில் தொண்டு எதில் வரும்?

ஐக்கிய நாடுகள் சபையின் 2016ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு வகைப்படுத்தலில் ஒன்பது பெரும் பிரிவுகள் இருக்கின்றன. ஐந்தாவது ஊதியமற்ற தொண்டு, பயிற்சி வேலை. ஏழாவது சமூக உறவாடல், சமூகப் பங்கேற்பு, சமய அனுட்டானம். வீதி கூட்டுதல், மாலை கட்டுதல், அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுதல், தண்ணீர்ப் பந்தலில் நிற்றல் ஆகியவை ஐந்தில் போகும். பூசையில் நிற்றல், பஜனை, பிரதட்டை ஆகியவை ஏழில். தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இதே பிரிப்புத்தான்.

அமெரிக்காவின் நேரப் பயன்பாட்டு ஆய்வின் சுருக்க அட்டவணையில் அமைப்பு, குடிமை, சமயச் செயற்பாடுகள் மூன்றும் ஒரே வரியில் கிடக்கின்றன. அந்த வரியை எடுத்துத் ‘தொண்டு நேரம்’ என்று தமிழில் எழுதுகிறவர்கள் பிரார்த்தனை நேரத்தையும் தொண்டாக்கிவிடுகிறார்கள்.

வாக்களிப்பு, ஆர்ப்பாட்டம், பிரதேச சபைக்கு மனுக் கொடுத்தல்?

இவை குடிமைச் செயற்பாடு. ஏழாம் பிரிவுக்குள் இவற்றுக்கெனத் தனிப் பகுதி உண்டு. வாக்குச்சாவடிக்குப் போய் வரும் நேரம் சில நிமிடங்கள்தான். அதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறை. ஒருநாள் முழுவதும் செய்ததை நேரப்படி எழுதும் நாட்குறிப்பில் இது அகப்படுவது அபூர்வம், ஆகவே ‘கடந்த 12 மாதத்தில்’ என்று தனியாகக் கேளுங்கள். ஆனால் ஆர்ப்பாட்டத்துக்குப் பதாகை எழுதியதும் மனுவைத் தயாரித்ததும் ஐந்தாம் பிரிவு வேலைதான்.

தொண்டர் ஆசிரியர் தொண்டரா?

பெயர் அப்படித்தான் சொல்கிறது. வடக்கில் பல பாடசாலைகள் ஆளணி வெற்றிடத்தைத் தொண்டர் ஆசிரியர்களைக் கொண்டே வருடக்கணக்கில் நிரப்பிவந்தன. சிலருக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சிறு கொடுப்பனவு கொடுக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. என்றாவது நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் காலை 7.30 முதல் 1.30 வரை வகுப்பறையில் நிற்பவரையும், மாதத்தில் ஒரு ஞாயிறு சிரமதானத்துக்கு வருபவரையும் ஒரே நிரலில் கூட்டினால் கணக்கே பிறழ்ந்துவிடும்.

வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 6 மணித்தியாலம் என்றால் 30 மணித்தியாலம். இருபது பேர் கொண்ட ‘வேலை தேடுவோர்’ குழுவில் இப்படி ஒருவர் இருந்தாலே அந்தக் குழுவின் சராசரி ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம் உயர்ந்துவிடும். மற்றப் பத்தொன்பது பேரும் வீட்டை விட்டு வெளிக்கிடாமலே அந்தக் குழு ஊரின் மிகப் பெரிய தொண்டர் படையாகத் தெரியும்.

ஆகவே அவர்களுக்கென ‘நியமனத்தை எதிர்பார்த்த ஊதியமற்ற வேலை’ என்று தனி வரி போடுங்கள். சுகாதாரத் தொண்டர்களுக்கும் இதே வரி. அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பளம் கொடுத்திருக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்று பதிவது அந்த உழைப்பை மறைக்கும் வேலை என்பதே எங்கள் கருத்து.

அலுவலக நேரத்தில் நடக்கும் சிரமதானம்?

தொண்டு அல்ல. வேலை நேரத்தில், அல்லது வேலைகொடுப்போர் சம்பளத்தோடு தந்த லீவில் செய்தது தொழில் நேரத்தையே சேரும். நீதிமன்றம் விதித்த சமுதாயப் பணியும் சேராது. போகாவிட்டால் உதவிப் பட்டியலில் இருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் போனதையும் நாங்கள் கட்டாயம் என்றே எண்ணுகிறோம்.

மாணவர்கள்?

சாரணர், முதலுதவிப் படையணி, இன்டரக்ட் கழகம் போன்றவற்றில் தாமாகச் செய்தது தொண்டு. வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு வரச்சொன்ன துப்புரவுப் பணி கற்றல் நேரம்.

தொழில் நிலையை எப்படிப் பிரிப்பது? ‘வேலை இல்லை’ என்று சொன்னால் அப்படியே எழுதலாமா?

எழுத வேண்டாம். ‘என்ன வேலை?’ என்று நேரே கேட்டால், தோட்டம் செய்கிறவர்கூட ‘வேலை ஒண்டும் இல்லை’ என்பார். அவர் மனதில் வேலை என்றால் உத்தியோகம். இலங்கையின் தொழிற்படை அளவீடு 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்கும் ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

முதலில், கடந்த 7 நாளில் சம்பளத்துக்கோ கூலிக்கோ லாபத்துக்கோ 1 மணித்தியாலமாவது வேலை செய்தாரா? ஆம் என்றால் தொழில் புரிபவர். அடுத்து, வேலை இருந்தும் லீவிலோ சுகவீனத்திலோ நின்றாரா? அவரும் தொழில் புரிபவர். மூன்றாவது, குடும்பத்தின் கடையிலோ விற்பனைக்காகச் செய்யும் தோட்டத்திலோ சம்பளம் இல்லாமல் உதவினாரா? அவர் பங்களிக்கும் குடும்ப உழைப்பாளர். இவரும் தொழில் புரிபவரே. வெங்காயத் தோட்டத்தில் காலை முழுவதும் களை பிடுங்கும் மனைவியை ‘வீட்டில சும்மா இருக்கிறா’ என்று பதிவது இந்தக் கேள்வியைத் தவறவிடுவதால்தான்.

மூன்றுக்கும் இல்லை என்றால், கடந்த 4 வாரத்தில் வேலை தேடினாரா, 2 வாரத்துக்குள் வேலைக்குப் போக ஆயத்தமா என்று கேளுங்கள். ஆம் என்றால் வேலையற்றவர். அதற்கும் இல்லை என்றால் தொழிற்படைக்கு வெளியே உள்ளவர்: மாணவர், வீட்டுப் பணி செய்பவர், ஓய்வூதியர், நோயாலோ மாற்றுத்திறனாலோ வேலைக்குப் போகாதவர்.

ஓய்வுபெற்ற அதிபர் வீட்டு விறாந்தையில் ரியூசன் கொடுத்தால் அவர் ஓய்வூதியர் மட்டுமல்ல, சுயதொழில் செய்பவரும். அளவீட்டில் தொழில்தான் முந்தும்.

தொழில் புரிவோரை ஒரே குவியலாக விடாதீர்கள். அரச ஊழியர், தனியார் ஊழியர், தினக்கூலி, சுயதொழில், குடும்ப உழைப்பாளர் என்று ஐந்தாக உடையுங்கள். வாரத்துக்கு 35 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவரைப் பகுதிநேரம் என்று குறிக்கலாம். அமெரிக்க ஆய்வுகளின் எல்லையும் அதுவே.

நாட்குறிப்பை எப்படித் தயாரிப்பது?

ஏ4 தாளின் இரு பக்கமும் போதும். விடிய 4 மணியில் தொடங்கி மறுநாள் விடிய 4 மணியில் முடியுங்கள். நள்ளிரவில் வெட்டினால் தூக்கம் இரண்டாக உடையும். இரவில் கடலுக்குப் போகிறவரின் வேலை குழம்பும். 15 நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் 96 வரிகள், பக்கத்துக்கு 48. நிரல்கள் ஐந்து: என்ன செய்தார், கூடவே வேறு என்ன செய்தார், எங்கே, யாருக்காக, காசு கிடைத்ததா.

‘வாரத்தில் எத்தனை மணி தொண்டு செய்கிறீர்கள்?’ என்று கேட்டு முடித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிக் கேட்டால் வரும் விடைகள் 5, 10, 20 என்று முழு எண்களில்தான் நிற்கும். நல்ல பெயர் எடுக்கும் கேள்வி என்பதால் கூடவும் வரும். நாள் முழுவதையும் நிரப்பச் சொன்னால் 24 மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மிகைப்படுத்த இடம் குறைவு.

மறுநாளே நிரப்ப வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் இடைவெளிகள் எல்லாம் ‘ஓய்வு’ ஆகிவிடும். எழுதச் சிரமப்படும் முதியவர்களிடம் உயர்தர மாணவர் ஒருவரை அனுப்பி, கோயில் மணி, பாடசாலை மணி, கடைசி பஸ், இரவு நாடகத் தொடர் என்று அவர்களுக்குத் தெரிந்த நேரங்களை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஓராளுக்கு 25 முதல் 30 நிமிடம் எடுக்கும்.

பயண நேரத்தைத் தனியாக எழுதுங்கள். நெடுந்தீவில் அரை மணிக் கூட்டத்துக்குக் குறிகட்டுவானில் இருந்து படகில் போய்வர இரண்டு மணித்தியாலம் போகும். அதைத் தொண்டு வேலையோடு கூட்டினால் தீவகத்தவர் எல்லோரும் பெருந்தொண்டர்களாகத் தெரிவார்கள், அடியோடு விட்டால் அவர்கள் ஏன் வருவதில்லை என்பதே புரியாது.

‘கூடவே செய்தது’ நிரலைச் சும்மா நினைக்காதீர்கள். சமைத்துக்கொண்டே வாட்ஸ்அப் குழுவில் இரத்தம் தேவை என்ற அறிவித்தலை நாற்பது பேருக்கு அனுப்பியவரின் வேலை அங்கேதான் அகப்படும். முதன்மை நேரத்தோடு அதைக் கூட்டாமல் தனித் தொகையாகக் காட்டுங்கள்.

வாரத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தக் காலத்தில் எடுத்த நாட்குறிப்பு வருடத்தின் மற்ற நாட்களுக்குப் பேசாது. கார்த்திகை, மார்கழி மழை வெள்ளக் காலமும் அப்படித்தான். மாசி, வைகாசி, புரட்டாதி என்று மூன்று தடவை எடுப்பது உத்தமம்.

வாரநாளையும் ஞாயிறையும் எப்படிச் சேர்ப்பது?

நிறை கொடுத்துத்தான். வாரநாள் சராசரியை 5ஆல் பெருக்கி, சனி, ஞாயிறு சராசரிகளைக் கூட்டி, 7ஆல் வகுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு வாரநாள் சராசரி 5 நிமிடம், சனி 20, ஞாயிறு 60 என்று வையுங்கள். 25 + 20 + 60 = 105; ஏழால் வகுத்தால் நாளுக்கு 15 நிமிடம். 10 வாரநாள் தாள், 5 சனித் தாள், 5 ஞாயிறுத் தாள் இருக்கும்போது எல்லாவற்றையும் அப்படியே கூட்டி 20ஆல் வகுத்தவருக்கு 22.5 நிமிடம் வரும். பாதித் தாள்கள் வார இறுதியில் எடுக்கப்பட்டதால் வந்த வீக்கம் அது.

சராசரி என்றால் எந்தச் சராசரி?

இங்கேதான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குகின்றன. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் எதையும் சொல்லாதீர்கள்: பங்கேற்றவர் வீதம், பங்கேற்றவர்களின் சராசரி, எல்லோருக்குமான சராசரி.

கற்பனைக் கணக்கு ஒன்று. ஒரு வாரத்தில் அரச ஊழியர் 20 பேரில் 10 பேர் மொத்தம் 20 மணித்தியாலம் தருகிறார்கள். ஓய்வூதியர் 10 பேரில் 3 பேர் 18 மணித்தியாலம். வேலை தேடுவோர் 10 பேரில் 2 பேர் 10 மணித்தியாலம்.

அரச ஊழியர்: 50 சதவீதம், வந்தவருக்கு 2 மணித்தியாலம், எல்லோருக்கும் 1.
ஓய்வூதியர்: 30 சதவீதம், வந்தவருக்கு 6, எல்லோருக்கும் 1.8.
வேலை தேடுவோர்: 20 சதவீதம், வந்தவருக்கு 5, எல்லோருக்கும் 1.

கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் அரச ஊழியரும் வேலை தேடுவோரும் ஒன்று. செய்ய வேண்டியதோ வேறு. முதற்குழுவில் பாதிப்பேர் ஏற்கெனவே வருகிறார்கள். அவர்களிடம் இன்னும் அரை மணி கேட்கலாம். மற்றக் குழுவில் வரும் இருவர் முதுகு முறிய உழைக்கிறார்கள், எட்டுப் பேரை யாரும் கூப்பிடவேயில்லை.

1.8 மணித்தியாலம் என்பது 1 மணி 48 நிமிடம், 1 மணி 80 நிமிடம் அல்ல. சிரிக்க வேண்டாம், கொப்பிகளில் அடிக்கடி வரும் பிழை இதுதான்.

ஒரு குழுவில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடாமல் ‘7 பேரில் 2 பேர்’ என்றே எழுதுங்கள்.

வேலை இல்லாதவர்களுக்குத்தானே நேரம் கூட? அவர்கள்தானே அதிகம் தொண்டு செய்ய வேண்டும்?

நேரம் கூட என்பது சரி. தொண்டு கூட என்பது சரியல்ல. அமெரிக்காவில் 2015 செப்டெம்பருடன் முடிந்த ஓராண்டில் ஒரு தடவையாவது அமைப்பொன்றின் ஊடாகத் தொண்டு செய்தவர்கள்: பகுதிநேர ஊழியரில் 31.1 சதவீதம், முழுநேர ஊழியரில் 26.3, வேலையற்றோரில் 23.3, தொழிற்படைக்கு வெளியே உள்ளோரில் 21.4. வேலை உள்ளவர்களே முன்னுக்கு நிற்கிறார்கள். அதிலும் அரைநேர வேலை உள்ளவர்கள்.

தொண்டு செய்தவர்களின் இடைநிலை அளவு (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் அளவு) வருடத்துக்கு 52 மணித்தியாலம், அதாவது வாரம் ஒரு மணித்தியாலம். 65 வயதுக்கு மேற்பட்ட தொண்டர்களுக்கு அது 94. அந்த வயதில் வருபவர் வீதம் 23.5 தான், வருபவர் நெடுநேரம் நிற்கிறார்.

இது அந்த நாட்டின் எண். இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் முதலாவது தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வை 2017இல் நடத்தியது; 10 வயதுக்கு மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். நாட்டளவில் ஒப்பிட அதை எடுங்கள். ஒரு கிராம அலுவலர் பிரிவின் நிலையை அதிலிருந்து ஊகிக்க முடியாது. அதற்குத்தான் உங்கள் கொப்பி.

காரணங்கள் இங்கும் பொருந்துகின்றன. வேலைத்தலம் ஆட்களை ஆட்களோடு பொருத்துகிறது. கந்தோரில் இருப்பவரிடம் இரத்ததானத்துக்கோ நூலகத்துக்கோ கேட்பவர் பலர். வேலை இல்லாத இளைஞனைச் சந்தியில் கண்டால் கேட்கப்படும் முதற்கேள்வி ‘இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?’ என்பது. கூட்டத்துக்குப் போனால் அதை இருபது பேர் வாயால் கேட்க வேண்டும். அவன் வராமல் விடுகிறான். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போட வீட்டில் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கோ போட்டிப் பரீட்சைக்கோ காத்திருப்பவர் அடுத்த மாதம் இங்கே நிற்பாரா என்று அவருக்கே தெரியாது, பொறுப்பு எடுக்கத் தயங்குவார்.

அவர்களுக்குப் பதவி கொடுக்காமல் முடிவுத்திகதி உள்ள வேலை கொடுங்கள்: நூலகப் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுதல், நான்கு சனி, தலா 3 மணித்தியாலம், முடிவில் நிலையத்தின் கடிதத் தலைப்பில் சான்றுக் கடிதம். அந்தக் கடிதத்தில் செய்த வேலையும் மணித்தியாலமும் எழுதப்பட்டிருந்தால் நேர்முகப் பரீட்சையில் காட்டலாம்.

எந்தச் சபையைப் பார்த்தாலும் ஆசிரியர்களாகவே இருக்கிறார்களே?

அவர்களின் நேரம் அப்படி அமைந்திருக்கிறது. பாடசாலை 1.30க்கு முடிகிறது, ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் விடுமுறை, ஊரில் பாதிப்பேர் அவர்களிடம் படித்தவர்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். இது புதிதல்ல. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். 1958இல் மாணவர்களோடு கனதொலுவ கிராமத்துக்குப் போய்ச் சர்வோதய சிரமதான இயக்கத்தைத் தொடங்கிய ஏ. ரி. ஆரியரத்னவும் அப்போது ஆசிரியர்தான்.

ஆனால் ஆசிரியர்கள் இப்போது பிற்பகலில் ரியூசனுக்கோ தம் பிள்ளைகளை ஏற்றி இறக்கவோ போய்விடுகிறார்கள். 1.30க்குப் பிறகு அவர்கள் ‘சும்மா’ என்ற பழைய கணக்கில் கூட்டம் வைத்தால் கதிரைதான் மிஞ்சும்.

எந்தக் குழுவை எந்த நேரம் கூப்பிடலாம்?

உங்கள் நாட்குறிப்பு முடிவே கடைசி வார்த்தை. தொடங்குவதற்கு இவை உதவும்.

அரச உத்தியோகத்தர் 4.15க்குக் கந்தோரை விட்டு வீடு சேர 5.30 ஆகும்; 6 முதல் 7.30 வரை கூட்டம் வைக்கலாம். கடை ஊழியர் கடை பூட்டிவர இரவு 8 கடந்துவிடும். அவர்களுக்கு ஞாயிறு பின்னேரம்.

கடற்றொழிலாளர் விடியக் கரை திரும்பி, மீன் கொடுத்து, வலை துப்புரவாக்கி வீடு போகப் பத்து மணி, பிறகு தூக்கம். பிற்பகல் 3 முதல் 5 வரை கிடைக்கும். ஞாயிறு கடலுக்குப் போகாத கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் காலைப் பூசைக்குப் பிறகு கூப்பிடலாம். கள் சீவும் தொழிலாளர் காலையும் மாலையும் மரம் ஏறுவார், நடுப்பகலே அவருடையது. மாலை 5 மணிக் கூட்டம் அவரை வருடம் முழுவதும் வெளியே நிறுத்துகிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை.

தோட்டக்காரருக்கு மணியைவிட மாதம் முக்கியம். ஐப்பசி விதைப்பிலும் தை, மாசி அறுவடையிலும் ஒன்றும் கேட்காதீர்கள். மற்றக் காலத்தில் இறைப்பு முடிந்த பிறகு, முன்னிரவு.

தினக்கூலி செய்பவருக்கு வாரநாள் சிரமதானம் என்பது ஒருநாள் சம்பளம் இழப்பது. அவர் வராததை அக்கறையின்மை என்று பேசுவது அநியாயம். ஞாயிறு 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடியுங்கள், காலைச் சாப்பாடு உங்கள் செலவு.

வீட்டுப் பணி செய்யும் பெண்களுக்குப் பகல் சமையல் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வரை ஒரு மணித்தியாலம், பிறகு 3 முதல் 4.30 வரை. பாலர் வயதுப் பிள்ளையைக் கூட்டிவரலாம் என்று அறிவித்தலிலேயே எழுதுங்கள். ஒரு பாயும் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரும் போதும்.

சிரமதானத்துக்கு 25 பேர் 3 மணித்தியாலம் வந்தால் 75 ஆள்-மணித்தியாலம் என்று எழுதுவீர்கள். மண்வெட்டி 8 தான் இருந்தால் 17 பேர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் வர மாட்டார்கள். இருவருக்கு ஒரு கருவி, ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், வாய்க்கால் அல்லது வீதி யாருடையதோ அந்தச் சபையின் அனுமதி, அள்ளிய குப்பையை ஏற்ற உழவு இயந்திரம், நான்கும் முதல்நாளே உறுதியாக வேண்டும். நுளம்பு ஒழிப்பு என்றால் பொது சுகாதாரப் பரிசோதகரோடு பேசுங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம் அளவில் போதும் என்பதால் மாதம் ஒருமுறை மூன்று மணித்தியாலத்தைவிட வாரம் ஒருமுறை அரை மணி பலன் தரும். அரை மணிக்கு ஆள் பிடிப்பதும் லேசு.

இரத்ததானத்தை எத்தனை மணியாக எழுதுவது?

போய்வந்த பயணத்தைத் தவிர்த்து உண்மையாக எடுத்த நேரம். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள். ஒருவர் மறுபடி கொடுக்க 4 மாதம் பொறுக்க வேண்டும், ஆகவே இதை மணியில் அளப்பதைவிடத் தடவையில் எண்ணுங்கள்.

கனடாவில் இருந்து வரும் பணம்?

அது பணம். நேரக் கணக்கில் வராது. அங்கிருந்து இரவிரவாக சூம் கூட்டம் நடத்துபவரின் மணித்தியாலம் வரும். அவரது தொழில் நிலையையும் கேட்டு எழுதுங்கள்.

முடிவுகளை நிலையத்தின் சுவரில் ஒட்டலாமா?

குழுவாரியாக ஒட்டலாம், பெயர்வாரியாக வேண்டாம். ‘வேலையற்ற பட்டதாரிகள் 2 பேர்’ என்றால் அது யார் என்று ஊருக்கே தெரியும். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவை அடுத்த குழுவோடு சேர்த்துவிடுங்கள். தாளில் பெயருக்குப் பதில் இலக்கம் போட்டு, பெயர்ப்பட்டியலைச் செயலாளர் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும். கணக்கு முடிந்ததும் அந்தப் பட்டியலைக் கிழித்துவிடலாம். இலக்கமிட்ட தாள்கள் அடுத்த வருட ஒப்பீட்டுக்குத் தேவை.

மணித்தியாலத்துக்குப் பண மதிப்புப் போடலாமா?

போடலாம், விண்ணப்பத்துக்கு மட்டும். அந்த வேலையை உள்ளூரில் கூலிக்குச் செய்வித்தால் என்ன கொடுப்பீர்களோ, அந்த நாட்கூலியை 8ஆல் வகுத்தால் மணித்தியால மதிப்பு. வாய்க்கால் வெட்டிய வைத்தியருக்கும் வாய்க்கால் வெட்டும் கூலிதான். அவர் வைத்திய முகாம் நடத்தினால்தான் வைத்தியருக்குரிய மதிப்பு. இந்தத் தொகையை நிலையத்தின் காசேட்டில் வரவாக எழுதிவிடாதீர்கள். கையில் வராத காசு வரவில் ஏறினால் வருட முடிவில் மீதி பொருந்தாது, கணக்காய்வில் பொருளாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தனித் தாளில், வேலை, ஆட்கள், மணித்தியாலம், மதிப்பு என்று நான்கு நிரலில் எழுதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு விண்ணப்பத்தோடு இணைத்தால் போதும்.